வீட்டுக்கு எடுத்தது

கோவில்பட்டி
பங்குனி

என் மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோம். என் சர்க்கரை, உன் முதுகுவலி, பாப்பாவுக்கு விழுந்த பல் எல்லாம் விசாரித்தாயிற்று. அதற்குப் பிறகும் கடிதம் எதற்கு என்றால், அன்றைக்கு நீ இரண்டு விஷயம் கேட்டாய். இரண்டுக்கும் போனில் எனக்குப் பதில் வரவில்லை. கோயம்புத்தூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாய், துணி வந்து குவிகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. "அம்மா எப்படிப்பா மாசக் கணக்கு முடிப்பா, அத எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாய். இது முதலாவது. இரண்டாவதை வைக்கப் போகிற நேரத்தில், பாப்பாவை அடுத்த அறைக்குப் போகச் சொல்லிவிட்டுக் கேட்டாய். "இந்த வருசம் வத்தல் வாங்காதீங்கப்பா. இருக்கிறத வித்து முடிச்சிட்டு எங்ககூட வந்துருங்க."

நம் வீட்டில் வத்தல் வாங்குவது என்றால் என்னவென்று மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம், உனக்குத் தெரியும். கரிசல் காட்டு மிளகாய் காய்ந்து விளாத்திகுளம் கமிஷன் கடைகளுக்கு வந்து இறங்குவது இந்த மாதத்தில்தான். வருடத்துக்கும் சேர்த்து மூட்டையாக வாங்கி, மொட்டை மாடியில் உலர்த்தி, காம்பு கிள்ளி வைத்துவிட்டால் அடுத்த பங்குனி வரை இட்லிப் பொடிக்கும் சாம்பார் பொடிக்கும் கவலையில்லை. வாங்கினால் அதுவரை நான் இந்த வீட்டில் வறுத்து, அரைத்து, கடைகளுக்குப் போட்டு, கணக்கு முடித்துக்கொண்டு இருப்பேன். வாங்காவிட்டால் வைகாசிக்குள் சரக்கு தீர்ந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு உன் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அம்மா போன பிறகு வந்த போன பங்குனியில் நான் யோசிக்கவே இல்லை, பழக்கத்தில் போய் வாங்கிவிட்டேன். பிரேக் போட்ட பிறகும் பஸ் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். இந்தத் தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது. "பாப்போம் தாயி" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பார்ப்போம் என்பது தள்ளிப் போடுகிறவன் சொல்வது. உனக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். கணக்கைப் பற்றி எழுதுவது சுலபம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே நம் பக்கத்து ஜனங்கள் கணக்குப் பார்க்காமல் இருந்துவிட்டார்கள். உன் அம்மா எப்போதும்வென்றான் கிராமத்தில் உளுந்தும் கம்பும் விதைத்த வீட்டில் பிறந்தவள். மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் இல்லை, இதில் எழுதி வைக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் வீட்டு நியாயம். நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்துத் தெருவுக்கு இட்லிப் பொடி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். பொடி விற்ற காசு ஒரு தகரச் சம்படத்தில் விழும். பால்காரருக்கும் அதிலிருந்துதான், உன் டியூஷனுக்கும் அதிலிருந்துதான், கல்யாண வீட்டு மொய்க்கும் அதிலிருந்துதான். மாதக் கடைசியில் சம்படத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யாவாரம் என்னமோ நல்லாத்தான் ஆவுது, காசு எங்கன போவுதுன்னுதான் தெரியல" என்பாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதும் வார்த்தை மாறாமல் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு வேறு ஏதோ வந்தது.

உன் அப்பன் கண்டக்டர். டிப்போவில் பஸ் எடுப்பதற்கு முன்னால், சட்டைப்பையில் சொந்தக் காசு எவ்வளவு இருக்கிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வழியில் செக்கிங் ஏறிப் பையை எண்ணினால் டிக்கெட் காசும் சொந்தக் காசும் தனித்தனியாக நிற்க வேண்டும். ஒரு ரூபாய் கூடினாலும் விசாரணை, குறைந்தாலும் விசாரணை. என் டீக்காசு எவ்வளவு என்பது பெண்டாட்டிக்குத் தெரியாத காலத்திலும் அரசாங்கத்துக்குத் தெரியும். அந்தப் புத்தியில்தான் நான் இரண்டாவது சம்படம் வாங்கிக்கொண்டு வந்தேன். இது வீட்டுக்கு, அது பொடிக்கு, ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தாவக் கூடாது என்றேன். "ஒரே அடுப்படி, ஒரே ஆளு, இதுல ரெண்டு சம்படமா. நல்லாருக்கு உங்க கண்டக்டர் நியாயம்" என்றாள். ஆனால் அன்றைக்கே செய்தாள். அவள் குணம் அது. வாய் மறுக்கும், கை செய்துவிடும்.

நீயும் இன்றைக்கே அதைச் செய். உன் காலத்தில் சம்படம் இல்லை, போன்தான் சம்படம். தையல் காசு வருவதற்கென்று தனியாக ஒரு பேங்க் கணக்கு திற. வாசலில் ஒட்டி வைத்திருக்கிறாயே கறுப்புக் கட்டம் போட்ட அட்டை, அதை அந்தக் கணக்கோடு சேர். பாப்பாவுக்குப் பால் வாங்கும் கணக்கில் ஜாக்கெட் காசு விழுகிற வரைக்கும் நீ தைக்கிறாயா, சும்மா இருக்கிறாயா என்று உனக்கே தெரியாது. நூல், கொக்கி, லைனிங் துணி, மிஷினுக்கு எண்ணெய், துணிக்கடைக்குப் போய்வந்த ஆட்டோ, எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுது. ஆட்டோவை விட்டுவிடாதே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது வீட்டு வியாபாரத்துக்கென்றே சொன்னது. அம்மா தூத்துக்குடிக் கடை ஒன்றுக்குப் பொடி அனுப்பி, நல்ல லாபம் என்று வெகுநாள் சந்தோஷமாக இருந்தாள். பார்சல் கூலியை ஒரு மாதம் எழுதிப் பார்த்த பிறகு அந்தக் கடைக்குக் கும்பிடு போட்டாள். பில்லை எல்லாம் ஒரு கம்பியில் குத்தி வை. பர்ஸில் திணிக்காதே. பர்ஸில் போன பில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மாதக் கடைசி நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, அடுப்படி வாசலில் மூன்று பேரும் உட்காருவோம். நீ பில்லை ஒவ்வொன்றாக வாசிப்பாய், அம்மா எழுதுவாள், நான் சில்லறை எண்ணுவேன். சில்லறை எண்ணுவதில் எனக்கு நிகர் அந்த வீட்டில் யாரும் கிடையாது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சம்படத்தில் இருப்பதும் நோட்டில் இருப்பதும் ஒத்துப் போகிறதா என்று பார்த்துவிட்டு, அலமாரியில் மீந்த பாக்கெட்டை எண்ணிவிட்டு, கடைகளில் விற்காமல் திரும்பி வந்ததைத் தனியே வைத்துவிட்டு எழுந்தால் வெயில் தாழ்ந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி தோசைதான், அது எழுதாத சட்டம்.

அப்படி ஒரு நாள் சம்படத்தில் கொஞ்சம் குறைந்தது. அம்மா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் என்றால், அவள் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் என் பையிலிருந்து எடுத்துப் போட்டுக் கணக்கை நேராக்கிவிட்டேன். கண்டக்டருக்கு இது கை தானாகச் செய்கிற காரியம். டிப்போவில் கட்டும்போது குறைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது, பையில் இருப்பதைப் போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். அம்மா திரும்பி வந்து எண்ணினாள். சரியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க போட்டீங்களா" என்றாள். நான் சில்லறையைத் திரும்ப அடுக்கினேன். "இப்படிப் போட்டு நேராக்கினா தப்பு எங்கன இருக்குன்னு எப்படித் தெரியும்? அடுத்த மாசமும் கொறையும், அப்பவும் போடுவீங்க. கொறைஞ்சா கொறையுதுன்னு எழுதணும். எடுத்துக்கோங்க உங்க காச." நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம்தான் தெரிந்தது, மில்லில் அரவைக் கூலியைச் சில்லறையாகக் கொடுத்துவிட்டு எழுத மறந்து வந்திருக்கிறோம் என்று. கணக்கை எனக்குக் கற்பித்தது அரசாங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் அரசாங்கம்.

வத்தல் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறையாக, வளையலை விற்று மூட்டைக் கணக்கில் வத்தல் வாங்கிய வருடம், அந்தப் பங்குனிக் கடைசியில் கணக்கு முடித்தபோது அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. வாங்கினது மலை, விற்றது மடு. கல்யாணத்தில் போட்ட வளையல் பொடியில் கரைந்துவிட்டது என்று அழுதாள். மறுநாள் காலையில் கடை கடையாகப் போய், இனிமேல் பொடி கிடையாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டும் வந்துவிட்டாள். எனக்கும் முதலில் ஒன்றும் புலப்படவில்லை. அன்றைக்கு டியூட்டியில் குளத்தூர் ரோட்டில் டயர் பஞ்சராகி, வேறு டயர் மாட்டும் வரை பனைமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. புது டயர் போட்ட அன்றைக்கு ஓடின ட்ரிப்பிலேயே டயர் காசு முழுவதையும் எடுக்கிறார்களா? அது எத்தனையோ மாதம் ஓடப் போகிற டயர். வீட்டுக்கு வந்து மூட்டையைக் காட்டிச் சொன்னேன், இது இந்த மாதச் செலவில்லை, வருடத்துக்கு உள்ளது, பன்னிரண்டாகப் பிரித்து எழுது, மிச்சம் உள்ளது எல்லாம் காசுதான், மிளகாய் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா மூட்டையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, சொன்ன கடைக்கெல்லாம் திரும்பப் போனாள். "காலையில காய்ச்சல்ல ஒளறிட்டேன் அண்ணாச்சி, பொடி உண்டு" என்று எல்லாரிடமும் ஒரே பொய்யைச் சொன்னாளாம். நீயும் தீபாவளிக்கு மொத்தமாக லைனிங் எடுத்துவிட்டு அந்த மாதம் நஷ்டம் என்று மிஷினை மூடிவிடாதே. பிரித்துப் போடு.

இன்னொன்று, இதை அம்மா எனக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனது. உன் கூலியை எழுது. நூலுக்கு எழுதுகிறாய், கரண்டுக்கு எழுதுகிறாய், குனிந்து தைக்கிற முதுகுக்கு எழுதுகிறாயா? நம் கணக்கில் வருடக்கணக்காக நல்ல லாபம் நின்றது. போனதுக்கு முந்தின ஐப்பசி மழைக் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்காமல் போன பிறகு, அவள் நின்ற அடுப்பில் நிற்க மாரியம்மாளை முழுநாள் வேலைக்கு வைத்தேன். அந்த மாதக் கணக்கில் கூலி என்று ஒரு வரி புதிதாக ஏறியது, லாபத்தில் பெரும் பங்கு அதற்குச் சரியாகப் போனது. இத்தனை வருடம் நாம் லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தது அவளுடைய கூலிதான். அன்றைக்கு அதோடு நோட்டை மூடிவிட்டேன். பாப்பாவைப் பார்த்துக்கொண்டே தைப்பதுதானே என்று நீ விட்டுவிடாதே. முதலில் உன் கூலி, அதற்கு மேல் நிற்பதுதான் லாபம்.

இனி கணக்கு நோட்டில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. வீட்டுக்கு எடுத்தது.

விற்கிற பொருளை நாமே தின்றால் அதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பாக்கெட் கணக்கு உதைக்கும் என்று நான்தான் அந்தக் கட்டத்தைப் போடச் சொன்னேன். அம்மாவுக்கு வந்ததே கோபம். "நான் வறுத்து நான் அரைச்ச பொடிய நான் திங்கதுக்கு நானே எனக்குச் சீட்டு எழுதணுமாக்கும்" என்றாள். பிறகு என்னைக் கேலி செய்வதற்காகவே எழுத ஆரம்பித்தாள். ‘கண்டக்டருக்கு, தோசைக்கு.’ ‘கண்டக்டருக்கு, மறுபடியும்.’ ‘மகள் ராமேஸ்வரம் டூர் போகிறாள், புளிச்சோற்றுக்கு.’ ‘மழை வந்தது, எல்லாரும் சோற்றில் பிசைந்தோம்.’ ‘மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள், ரெண்டு பாக்கெட், ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.’ அந்தக் கடைசி வரியைக் காட்டி எத்தனை நாள் உன்னைச் சீண்டினாள், பொடிக்குத்தான் சம்மதம் சொன்னார்கள், உனக்கில்லை என்று. ஒரு மாதம் அந்தக் கட்டம் நீண்டு கீழ்ப்பக்கம் வரை போய்விட்டது. நான் கண்டக்டர் புத்தியில், இப்படித் தின்றால் வியாபாரம் என்னத்துக்கு ஆகும், எனக்கு இனிமேல் தோசைக்குச் சட்னி போதும் என்று தட்டைத் தள்ளினேன். அவள் என் தட்டில் பொடியை அள்ளி வைத்து, நடுவில் குழித்து, நல்லெண்ணெய் ஊற்றினாள். "நீங்க தின்னுங்க. கணக்க நான் எழுதிக்கிடுதேன்" என்றாள்.

இப்போது அந்தக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. நீ கேட்கலாம், அப்பா தோசை சாப்பிடுவதில்லையா என்று. ஒற்றை ஆளுக்கு மாவு ஆட்டினால் அது புளித்துத்தான் தீரும். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ்ஸில் சாப்பிட்டுவிடுகிறேன், அல்லது மோர்ச்சோறு. பொடி எனக்கு இறங்கவில்லை. வீடு முழுக்க பொடி வாசம், கைவிரல் எல்லாம் பொடி, சாப்பிட மட்டும் மனசில்லை. தாளில் காலிக் கட்டம் இருந்தால் பின்னால் யாராவது எழுதிவிடாதபடி குறுக்கே ஒரு கோடு போட வேண்டும் என்பது டிப்போ வழக்கம். மாதாமாதம் அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே கோடு போடுகிறேன். யார் வந்து எழுதப் போகிறார்கள் என்று தெரியவில்லை, ஆனாலும் போடுகிறேன்.

போன மாதக் கடைசியில் நடந்ததைச் சொன்னால் நீ வருத்தப்படுவாய், இருந்தாலும் சொல்கிறேன். மாரியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறக் கிளம்பிவிட்டாள். நான் அடுப்படி வாசலில் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். பில்லைக் கம்பியிலிருந்து உருவி, சத்தமாக வாசிப்பேன். வாசித்துவிட்டு, எழுதுகிற ஆளுக்காகக் கொஞ்சம் நிறுத்துவேன். பிறகு நானே எழுதுவேன். தூக்குச்சட்டியை மறந்துவிட்டுப் போனவள் திரும்பி வந்து கதவருகில் நின்றது எனக்குத் தெரியவில்லை.

"யாருகிட்ட அண்ணாச்சி பேசுதீங்க?"

"பில்லுகிட்ட" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போகாமல், கதவு ஓரம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கு எழுத வராது. நீங்க வாசிங்க, நான் கேக்கேன்" என்றாள். நான் வாசித்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் அவள் ம் என்றாள். உளுந்துக்கு ம், மல்லிக்கு ம், பிளாஸ்டிக் கவருக்கு ம். முடிந்தபோது அவள் பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு எழுந்தவள் படியில் நின்று, "மதினி இருந்தா ம் கொட்ட மாட்டாவ, குறுக்க கேள்வி கேப்பாவ, என்ன அண்ணாச்சி" என்றுவிட்டுப் போனாள்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. நீ போன் பேசிய மறுநாளே விளாத்திகுளம் கமிஷன் கடைக்காரர் கூப்பிட்டார். "கண்டக்டரே, வத்தல் வந்து எறங்கியிருக்கு, நல்ல நெறம். எடுத்து வைக்கவா, இல்ல வேற ஆளுக்கு விட்ருவமா?" நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன். ராத்திரி தூக்கமில்லை, காலையில் பஸ் ஏறிவிட்டேன். நான் ஓடின அதே ரூட். டிக்கெட் போட்ட பையனுக்கு என்னை யாரென்று தெரியாது. எட்டயபுரம் தாண்டினதும் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கரிசல் வெடித்துக் கிடந்தது. கடை முற்றத்தில் சிவப்பாகக் குவித்திருந்தார்கள், நுழைந்ததும் தும்மல். ஒரு வத்தலை எடுத்துக் கிள்ளி, விதையைப் பார்த்து, நாக்கில் வைத்தேன், அம்மா செய்வதைப் போல. கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்துக்குத்தான் என்று கடைக்காரர் நினைத்திருப்பார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

வாங்கிவிட்டேன் தாயி. வருடத்துக்கும் வாங்கிவிட்டேன். மூட்டை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே, முழுவதும் படி. போன வருடம் உன் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன் அல்லவா, நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் எழுந்தால், "நீங்க உக்காருங்க மாமா, ரெஸ்ட் எடுங்க" என்பார். நல்ல பிள்ளை. ஆனால் காலை முதல் ரெஸ்ட் எடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் என்ன எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பால்கனியிலிருந்து வாட்ச்மேனைப் பார்ப்பேன், அவர் என்னைப் பார்ப்பார். நீ மிஷினில் இருந்துகொண்டே ஒரு கண்ணை என் மேல் வைத்திருப்பாய். அப்பா சாப்பிட்டாரா, அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று. தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைத்தாய், நான் பார்த்தேன். என் தனிமை அங்கே வந்தால் உன் கணக்கில்தான் ஏறும். அதை நேராக்க நீ உன் பையிலிருந்து போட்டுக்கொண்டே இருப்பாய். நீ கண்டக்டர் மகள், உனக்கும் அந்தக் கை உண்டு.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ "எப்படிப்பா இருக்கீங்க" என்று கேட்பதும், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்று நான் சொல்வதும் உனக்குத் தெரியும். அது என் பையிலிருந்து போட்டு நேராக்கின கணக்கு. உன் அம்மா இருந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கோங்க உங்க காச என்பாள். அதனால் இன்றைக்கு உள்ளபடி எழுதுகிறேன். குறைகிறது. சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் குறைகிறது. பில்லை வாசித்து நிறுத்தும்போது குறைகிறது. அவள் இல்லாதது குறைகிறது, நீ தூரத்தில் இருப்பது குறைகிறது. ஆனால் இங்கே இருந்தால் மாதத்தில் சில நாளாவது என்னை யாரோ எதிர்பார்க்கிறார்கள். கூலி நாளில் மாரியம்மாளுக்கு எண்ணிக் கொடுக்க நான் வேண்டும். கடைக்காரர்கள், என்ன கண்டக்டரே, பொடி லேட்டு என்று சண்டைக்கு வருகிறார்கள். அந்தச் சண்டை எனக்கு வேண்டியிருக்கிறது. உடம்பு ஏலாமல் போகிற பங்குனி ஒன்று வரும். அன்றைக்கு நீ கூப்பிடாமலே நான் வந்து நிற்பேன், அதுவரை பொறு.

சித்திரையில் பாப்பாவுக்கு லீவு. கூட்டிக்கொண்டு வா. வத்தலை மாடியில் பரப்பியிருப்பேன், காம்பு கிள்ள ஆள் வேண்டும், மாரியம்மாள் ஒருத்தியால் முடியாது. உன் தையல் நோட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு வா. மாதக் கடைசி வரை இரு. அடுப்படி வாசலில் உட்கார்ந்து உன் கணக்கையும் என் கணக்கையும் சேர்த்து முடிப்போம். நீ வாசி, நான் எழுதுகிறேன். சில்லறையைப் பாப்பா எண்ணட்டும், என் கர்வம் அவளுக்கு வரட்டும்.

எப்போதும் போல இந்தக் கடிதத்தோடு பொடி அனுப்புவாரோ என்று கவரைத் தடவிப் பார்த்திருப்பாய். அனுப்பவில்லை. வெளியூருக்குப் போனால் அதைப் பார்சல் கட்டத்தில்தான் எழுத வேண்டும். வீட்டுக்கு எடுத்தது என்று எழுத வேண்டுமானால் இந்த வீட்டுக்குள் உட்கார்ந்து தின்றிருக்க வேண்டும். இது நான் இன்றைக்கு வைக்கிற சட்டம், மாற்றுவதாக இல்லை. சித்திரைக் கணக்கில் அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே கோடு போடப் போவதில்லை.

மாவு ஆட்டி வைக்கிறேன். நீ வந்து தின்னு தாயி. கணக்க நான் எழுதிக்கிடுதேன்.

அப்பா